லண்டனில் கேட்ட அமெரிக்கா

லண்டனுக்குப் போய் அமெரிக்காவைக் கேட்டுவிட்டு வந்தவள் உலகத்தில் யாராவது இருந்தால் அது நானாகத்தான் இருக்கும். மகாராணியின் அரண்மனையை வெளியில் நின்றுகூடப் பார்க்கவில்லை. பெரிய மணிக்கூண்டை விமானத்திலிருந்து பார்த்ததாக ஒரு நினைப்பு, அதுவும் வேறு ஏதாவது கோபுரமாக இருக்கலாம். ஆனால் கென்டக்கி மலைப்பக்கத்தில் யார் வீட்டு நாய் குட்டி போட்டது, லூசியானா சதுப்புநிலத்தில் சனிக்கிழமை எந்த ஊரில் நடனம் என்று கேளுங்கள், சொல்கிறேன். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், ஒரு மளிகைக்கடை மாடியில் உட்கார்ந்து நான் பார்த்த வேலை அதுதான். "பார்க்கிங்ல தங்கியிருக்கேன்" என்று மதுரைக்குப் போன் போட்டுச் சொன்னபோது, என் வீட்டுக்காரர் பதறிப்போய், "ஏன், ரூம் கிடைக்கலையா?" என்றார்.

எல்லாம் ரவீந்திரன் அண்ணையால் வந்தது. இரண்டாயிரத்து ஏழு வாக்கில் மதுரையில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் முளைத்த புதிது. அதில் ஒன்றில் எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்று முடிவு பண்ணுகிற உத்தியோகம் எனக்கு. மீனாட்சி அம்மனைக் கும்பிட லண்டனிலிருந்து வந்த மனிதர், டாக்சியில் எங்கள் நிலையத்தைக் கேட்டிருக்கிறார். டிரைவரிடம் வழி கேட்டு நேராக என் அறைக்கே வந்துவிட்டார். நெற்றியில் குங்குமம், கையில் கோயில் லட்டு. உட்கார்வதற்கு முன்னாலேயே கேட்டார்.

"தங்கச்சி, உங்கட ரேடியோவில ஆரும் சாகிறதில்லையோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மதுரைல தினமும் சாகுறாங்கண்ணே. எங்க ரேடியோல சாகுறதில்ல" என்றேன்.

"அதுதான் எனக்கும் வேணும்" என்றார்.

விஷயம் இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கே பன்னிரண்டு வருஷம் உணவகங்களில் உழைத்து, பிறகு லண்டனுக்கு வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர். கையில் நாலு காசு சேர்ந்ததும் ஆசைக்கு ஒரு தமிழ் வானொலி தொடங்கியிருக்கிறார். அதில் தினமும் மரண அறிவித்தல் வாசிக்கிறார்கள். இளவட்டங்கள் அதற்குச் 'செத்தவீட்டு ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. அமெரிக்க நிலையங்கள் மாதிரி முழுக்க முழுக்கப் பாட்டாகவே ஆக்கிவிட வேண்டும். "ரெண்டு கிழமை வந்து இருங்கோ. அமெரிக்காக்காரன் எப்பிடிச் செய்யிறான் எண்டு கேளுங்கோ. எதை வைக்கிறது, எதை வெட்டுறது எண்டு சொல்லுங்கோ. அறிவித்தலை வெட்டச் சொன்னால் அடுத்த நாளே வெட்டுறன்."

கிழமை என்றால் அவர்கள் பேச்சில் வாரம். வெட்டத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். சாவுச் செய்திக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

போய் இறங்கிய அன்று தூறல். அண்ணையின் மனைவி வசந்தி அக்கா இடியப்பமும் சொதியும் இடிச்ச தேங்காய்ச் சம்பலும் வைத்தார். நம்மூரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சீனி போட்டுச் சின்னப்பிள்ளைச் சாப்பாடாக்கி வைத்திருக்கிறோம். இந்தச் சொதியில் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் போட்ட போடு இருக்கிறதே, பயணக் களைப்பு பறந்துபோனது. எத்தனை சாப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன். "இன்னும் ரெண்டு வையுங்கோ, வெக்கப்படுறா" என்றார் அண்ணை. நான் வெட்கப்படவே இல்லை.

மறுநாள் காலையில் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். கீழே கடை. கருவாடும் கறிவேப்பிலையும் கலந்த வாசனை படியேறி நம்மோடேயே ஸ்டூடியோ வரைக்கும் வரும். சுவர் முழுக்கப் பழைய கம்பளம் அடித்திருந்தார்கள், வெளிச்சத்தம் வராமலிருக்க. பின்னறையில் மேசை மேல் ஒரு மரப்பெட்டி, முன்னால் சின்னத் திரை, ஒரு திருகு. இன்டர்நெட்டில் ஓடுகிற ரேடியோ. அதுவரை நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஏரியல் கிடையாது, இரைச்சல் கிடையாது. திருகைத் திருப்பினால் நாடு வருகிறது, மாநிலம் வருகிறது, ஊர் வருகிறது. அமெரிக்கா என்று அழுத்தியதும் வரிசை வரிசையாக ஓடத் தொடங்கியது. முடிகிற வழியாகத் தெரியவில்லை.

"இதுதான் தங்கச்சி உங்கட வேலை. கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு மிளகாய்த்தூள் மூட்டை இறக்கக் கீழே போய்விட்டார்.

கேட்டேன். அடேயப்பா!

அமெரிக்கப் பாட்டு என்றால் ஒரே மாதிரி டமடமவென்று அடிப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். அது எவ்வளவு பெரிய அறியாமை என்று முதல் நாளே தெரிந்துபோயிற்று. அங்கே நிலையங்களின் பெயரெல்லாம் வெறும் எழுத்துகள்தான். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே என்றால் பெரும்பாலும் ஒரு எழுத்தில் தொடங்கும், கிழக்கே என்றால் இன்னொன்றில். ஆற்றின் எந்தக் கரை என்று பெயரை வைத்தே சொல்லிவிடலாம். வைகைக்கு இந்தப் பக்கம் ஒரு எழுத்து, அந்தப் பக்கம் ஒரு எழுத்து என்று நாங்கள் வைத்தால் மதுரையில் கலவரமே நடக்கும்.

லூசியானாவில் ஒரு நிலையம். அறிவிப்பாளர் பிரெஞ்சு பேசுகிறார், அமெரிக்காவில்! பிடிலும், நெஞ்சில் மாட்டி இழுத்து வாசிக்கிற கையார்மோனியமும் சேர்ந்து துள்ளிக்கொண்டு ஓடுகிற பாட்டு. விஸ்கான்சினில் ஒரு நிலையம் நாள் முழுக்கப் போல்கா நடனத்துக்கு வாசிக்கிறது. அதைத் தாண்டி டெக்சாஸ் போனால் ஸ்பானிஷ் பாட்டு, பின்னணியில் அதே மாதிரிக் கையார்மோனியம். மேலே வந்த அண்ணை அதைக் கேட்டதும் நின்றுவிட்டார். "உது ஜெர்மன்காரன்ர சத்தமெல்லோ? நான் வேலை செய்த ரெஸ்டாரண்டில சனிக்கிழமையில உப்பிடித்தான் வாசிப்பினம்." உண்மைதான். எந்தக் காலத்திலோ டெக்சாசில் குடியேறிய ஜெர்மானியர்கள் கொண்டுவந்த பெட்டியை மெக்சிகோக்காரர்கள் வாங்கித் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்களாம். அறிவிப்பாளரே சொன்னார். அண்ணை காலால் தாளம் போட்டுக்கொண்டு அந்தப் பாட்டு முடியும்வரை நின்றார். கீழே கடையில் யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அரிசோனாப் பக்கம் பூர்வகுடிகளின் நிலையம் ஒன்று. அவர்கள் மொழியிலேயே பேச்சு, பறை மாதிரி ஒரு கொட்டு, உடனே அடுத்ததாகக் கௌபாய்ப் பாட்டு. என்ன தைரியம்! ஒரு கல்லூரி நிலையத்தில் மாணவி ஒருத்தி ஜாஸ் போட்டாள், பிறகு எத்தியோப்பியப் பாட்டு ஒன்று போட்டாள், பிறகு, "இந்தப் பெயரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, மன்னித்துவிடுங்கள்" என்று சிரித்தாள். எங்கள் நிலையத்தில் அப்படிச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு வந்தபோது காதில் போட்டிருந்ததைக் கழற்றிவிட்டு அறை முழுக்க ஒலிக்க விட்டேன். உடம்பு சிலிர்த்தது.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு பிலோமினா அக்கா வந்தார். மன்னார்க்காரி. ஐம்பதைத் தாண்டிய வயது, விறைப்பான முதுகு. விடிகாலையில் அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழு, மதியம் பன்னிரண்டரைக்கு இங்கே மரண அறிவித்தல். அதுதான் அவர் நாள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கட செத்த ஆக்களைக் குறைக்க வந்த பிள்ளை இதுவோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டூடியோவுக்குள் போய்விட்டார். சோகமாக ஒரு வயலின். பிறகு அந்தக் குரல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், லண்டன் மனோர் பார்க்கை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் ஆசைப் பேரனும்... உறவு ஒன்று விடாமல், ஒரு பேரில்கூடத் தடுக்காமல், யாரையும் அவசரப்படுத்தாமல் வாசித்தார். கனடா, நோர்வே, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று பிள்ளைகள் இருக்கும் இடங்கள். கடைசியில், இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகோள். கீழே கடையில் பில் போடுகிற சத்தம் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன். கூடையும் கையுமாக எல்லோரும் கூரையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மதுரையில் செத்தால் சுவரில் போஸ்டர். கண்ணீர் அஞ்சலி, படம், பெயர் வரிசை. டீக்கடைக்குப் போகிற வழியிலேயே தெரிந்துவிடும். லண்டனில் சுவரில் ஒட்டினால் கவுன்சில் அபராதம் போட்டுவிடும். ஒட்டினாலும் பக்கத்துத் தெருவில் இருப்பவர் பங்களாதேஷ்காரராக இருப்பார், எதிர்வீட்டில் போலந்துக்காரர். செத்தவருடைய சொந்தம் நாலு நாட்டில் கிடக்கிறது. இவர்களுக்குச் சுவர் இந்த ரேடியோதான் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. இருந்தாலும் வந்த வேலை வெட்டுகிற வேலை. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் தனியாக மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் பேருந்தில் கிளம்பினேன். பாதி வழியில் ஓட்டுநர், "இந்த வண்டி இதற்கு மேல் போகாது, எல்லோரும் இறங்கிக்கொள்ளுங்கள்" என்று அறிவித்தார். காரணம் கிடையாது, மன்னிப்பு கிடையாது. அதைவிட அதிசயம், முழு வண்டியும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப்போனது. மதுரையில் பெரியார் பேருந்து நிலையம் போகிற வண்டி அரசரடியில் நின்றுபோயிருந்தால் கண்டக்டர் முழுசாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாரா?

மழையில் விழித்துக்கொண்டு நின்ற என்னிடம், காதில் வெள்ளை வயர் மாட்டிய ஒரு பெண் வந்து ஆங்கிலத்தில் வழி சொன்னாள். கல்லூரி வயது. தமிழ் முகம். எந்த வேலையாக வந்தேன் என்று சொன்னதும் சிரித்துவிட்டாள். "ஓ, செத்தவீட்டு ரேடியோ! அம்மாதான் கேட்பார், ஆன்ட்டி. நான் கேட்கிறதே இல்லை." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். "ஆனால் அந்த வயலின் தொடங்கினால் வீட்டில் ஒருவரும் மூச்சு விடக் கூடாது. போன வருடம் என் சித்தப்பாவின் பேரை வாசித்தபோது, அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டார். என் பேரும் வந்தது. என் பேரை ரேடியோவில் கேட்டது அந்த ஒரு தடவைதான்." அடுத்த பேருந்தில் என்னை ஏற்றிவிட்டுத்தான் போனாள்.

முருகனிடம் என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. பிரசாதப் புளியோதரை மட்டும் நன்றாக இருந்தது.

கென்டக்கி நிலையம் அகப்பட்டது அதற்குப் பிறகுதான். மலைப்பக்கத்துச் சின்ன ஊர். பாஞ்சோ என்கிற நரம்பு வாத்தியத்தில் பொரிந்து தள்ளுகிறார்கள். நடுநடுவே நேயர்கள் போன் பண்ணி, டிராக்டர் டயர் விற்கிறேன், நாய்க்குட்டி இருக்கிறது, இலவசம், என்கிறார்கள். அறிவிப்பாளர் ஒரு கிழவர், பெயர் வெர்னன். லண்டனில் மதியம் ஒரு மணிக்கு அவர்களுக்குக் காலை எட்டு. எட்டு மணி ஆனதும் பாஞ்சோ நின்றது. தேவாலய ஆர்கன் ஒன்று மெல்ல எழுந்தது. வெர்னன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்ன பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த இன்னார் தம் வீட்டில் காலமானார். அவருக்கு மனைவியும், ஓஹையோவில் இரண்டு மகன்களும், டெக்சாசில் ஒரு மகளும், ஏழு பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்..."

நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அப்போதுதான் வாசித்து முடித்து வெளியே வந்த பிலோமினா அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிலுவை போட்டுக்கொண்டார். மூன்று பேர் சாவையும் தலை குனிந்து கேட்டார்.

"வடிவாத்தான் வாசிக்கிறார்" என்றார் கடைசியில். "ஆனால் ஊர்ப்பேரை விழுங்குறார். ஊர்ப்பேர் விளங்காட்டி எந்தச் செல்லத்துரை எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?"

"அக்கா, அங்க செல்லத்துரை இல்லக்கா" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் ராசி.

மறுநாளும் அதே நேரத்துக்கு இருவரும் உட்கார்ந்தோம். ஆர்கன் தொடங்கியபோது தட்டில் சூடாக மட்டன் ரோல்ஸ் வைத்துக்கொண்டு அண்ணை உள்ளே வந்தார். இரண்டு வாக்கியம் கேட்டிருப்பார். தட்டை மேசையில் வைத்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார்.

"அண்ணே, நீங்க கேக்கச் சொன்ன அமெரிக்காதாண்ணே இது" என்றேன். எனக்கு உற்சாகம். "பாட்டு மட்டும்னு நாம நெனச்சது தப்பு. அவனவன் ஊர அவனவன் ரேடியோல வச்சிருக்கான். அதனாலதான் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. நம்ம அறிவித்தல..."

"எனக்கு அமெரிக்கா காட்டாதேங்கோ தங்கச்சி!" அவர் கத்தியதை அன்றுதான் கேட்டேன். "என்னைப் பெத்த அப்பு செத்தது எனக்கு எப்பிடித் தெரிஞ்சதெண்டு தெரியுமோ? ரேடியோவில. என்ர சொந்த ரேடியோவில!"

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அப்ப சண்டை துவங்கி ஊருக்குப் பாதை பூட்டு. யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுக்க ஏலாது. கனடாவில இருக்கிற சொந்தக்காரருக்கு எப்பிடியோ தெரிஞ்சு, அவை எல்லா ரேடியோவுக்கும் அறிவித்தல் அனுப்பியிருக்கினம். நான் கடை வானில சாமான் ஏத்திக்கொண்டு வாறன். சிவப்பு லைட்டில நிக்கிறன். எங்கட ஊர்ப்பேர் கேட்டுது. ஆர் எண்டு வடிவாக் கேப்பம் எண்டு நானே சத்தத்தைக் கூட்டினன். கூட்டின உடன அப்புவின்ர பேர்." மேசையிலிருந்த தட்டைத் தள்ளி வைத்தார். "லைட் பச்சை விழுந்திட்டுது. பின்னால நிக்கிறவன் ஹோர்ன் அடிக்கிறான். எனக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்க ஏலாமல் போச்சு."

பிலோமினா அக்கா முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தார். "நான்தான் வாசிச்சனான்" என்றார் என்னைப் பார்த்து. "அதில லண்டன் மகன் ராசன் எண்டு வீட்டுப் பேர் போட்டிருந்தவை. இவரை எங்களுக்கு ரவீந்திரன் எண்டுதானே தெரியும்? எத்தினை ராசன் இருக்கினம் லண்டனில! மாதாவே, நான் அதை வாசிச்சுப்போட்டு அடுத்த பாட்டும் போட்டனான்."

"உங்களில ஒரு பிழையும் இல்லை, அக்கா."

"பிழையில்லையெண்டால் ஏன் என்ர நேரத்தை வெட்டுறியள்?"

அண்ணை இறங்கிக் கீழே போய்விட்டார். ரோல்ஸ் ஆறிப்போனது.

இளவட்டமாவது, செத்தவீட்டு ரேடியோவாவது! அதெல்லாம் அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. அந்த வயலின் சத்தத்தைத் தாங்க முடியாத மனிதர் அதை நிறுத்த ஒரு துணைக்கு என்னைக் கடல் கடந்து கூட்டி வந்திருக்கிறார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வெட்டுங்கள் என்றால் அக்கா போச்சு, கடையில் கூரையைப் பார்த்து நிற்கிற ஜனங்கள் போச்சு. வெட்டாதீர்கள் என்றால் இந்த மனிதர் தினமும் அந்த வயலினுக்குப் பயந்து மிளகாய் மூட்டைக்குப் பின்னால் ஒளிய வேண்டும்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கீழே கடையில் போன் கார்டு ஒன்று வாங்கினேன். வெர்னன் டிராக்டர் டயருக்காக நாள் முழுக்கச் சொல்கிற நம்பர்தான் எனக்கு மனப்பாடமாயிற்றே. அடித்தேன். அவரே எடுத்தார். அந்த நிலையத்தில் முதலாளி, அறிவிப்பாளர், பெருக்குகிறவர் எல்லாம் அவர்தானாம். லண்டனிலிருந்து ஒரு இந்தியப் பெண் பேசுகிறேன் என்றதும், "கொஞ்சம் இருங்கள்" என்றவர், ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தி ஊருக்கே அதை அறிவித்துவிட்டு வந்தார்.

என் ஆங்கிலம் அவருக்கும், அவர் ஆங்கிலம் எனக்கும் பாதிப் பாதிதான் புரிந்தது. மரண அறிவிப்பைப் பற்றிக் கேட்டேன்.

"அதை விட்டால் ஜனங்கள் வந்து ஜன்னலைத் தட்டுவார்கள், அம்மா" என்றார். "பாட்டை நிறுத்தினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள்."

"கேட்கிறவர்களில் அந்த வீட்டு ஆளே இருந்தால்? விஷயம் தெரியாமல் இருந்தால்?"

"அதற்காகத்தான் வாசிக்கும் முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் போடுகிறேன். தூரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லியாயிற்றா என்று கேட்பேன். ஒருத்தருக்குச் சொல்லவில்லை என்றாலும் அன்றைக்கு வாசிக்க மாட்டேன். ரேடியோ வீட்டாரை முந்தக் கூடாது."

நன்றி சொல்லி வைக்கப் போனேன். "லண்டனில் நாய்க்குட்டி வேண்டுமா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தி அக்கா ஆட்டிறைச்சிக் கறியும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் செய்திருந்தார். முதல் கவளத்தை வைப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. "அண்ணே, வெட்ட வேண்டாம். ஆனா இனிமே அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேக்கட்டும். எல்லாச் சொந்தத்துக்கும் சொல்லியாச்சுன்னாதான் வாசிக்கணும். நம்ம ரேடியோ வீட்டாள முந்தக் கூடாது."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஊரிலயே இருக்கிற உங்கட சனத்துக்கு உதெல்லாம் சரி. எங்கட சனம் நாலு கண்டத்தில இருக்கு. ஆரோ ஒராள் போன் எடுக்காட்டி?"

"எடுக்கலன்னா வாசிக்க வேண்டாம்."

"செத்தவீடு முடிஞ்சு போகும், தங்கச்சி."

"அப்ப எடுக்க வைங்க" என்றேன். எரிச்சலில் வந்த பதில்தான்.

வசந்தி அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைத்தார். "ஒரு கிழமை பார்ப்பம்" என்றார் அண்ணை. அவ்வளவுதான்.

நான் ஊருக்குக் கிளம்புகிற நாளும் வந்தது. கடைசியாக ஏதாவது வாங்கட்டும் என்று என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போக அண்ணை வேன் சாவியோடு படியேறி வந்தார். ஸ்டூடியோ வாசலில் பிலோமினா அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். ஜெர்மனியில் ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவியோடு பேசி முடித்திருக்கிறார். எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, மனோர் பார்க்கில் இருக்கும் ஒரே தம்பியைத் தவிர. அந்தத் தம்பிக்குப் பெட்ரோல் பங்கில் இரவு ஷிப்ட். பகலில் போனை நிறுத்திவிட்டுத் தூங்குகிறவர். கல்யாணம் ஆகவில்லை, கூட யாரும் இல்லை.

"நேரமாகுது. வயலின் போடவேணும்" என்றார் அக்கா. "இதை நான் வாசிக்க மாட்டன், அண்ணை. என்னால இன்னொருக்கா ஏலாது. வேணுமெண்டால் நீங்களே போய் வாசியுங்கோ."

அண்ணை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கை சாவியைத் திருப்பித் திருப்பி உருட்டியது.

"அட்ரஸைச் சொல்லுங்கோ" என்றார்.

நானும் அவரோடு வேனில் ஏறிக்கொண்டேன். வேன் ரேடியோவில் அக்கா, இன்றைய அறிவித்தல் சற்றுத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டுப் பழைய பாட்டு ஒன்று போட்டார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. மனோர் பார்க்கில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு கதவுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணை போய் மணியை அடித்தார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. மறுபடி அடித்தார். விடாமல் அடித்தார்.

கைலியும் பனியனுமாக ஒரு மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். முன்பின் தெரியாத ஆள், ஆனால் தமிழ் முகம் என்பதால் சிரித்தார். "சொல்லுங்கோ அண்ணை."

"உள்ளுக்கு வரலாமோ, தம்பி?" என்று கேட்டுவிட்டு அண்ணை வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். கதவு சாத்திக்கொண்டது.

எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. ரேடியோவில் காதல் பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முறை உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா கூப்பாடா என்று சொல்ல முடியாத சத்தம். நான் வேனின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

அண்ணை வெளியே வந்தபோது சட்டையின் தோள்பக்கம் நனைந்திருந்தது. வாசலில் நின்றபடியே ஸ்டூடியோவுக்குப் போன் எடுத்தார். "அக்கா, தம்பிக்குச் சொல்லியாச்சு. ஓம். இனி வாசியுங்கோ. ஆறுதலா வாசியுங்கோ."

வருவார் என்று நான் வேன் கதவைத் திறந்துவிட்டேன். அவர் வரவில்லை.

"நீங்கள் வானுக்குள்ள இருங்கோ தங்கச்சி. உள்ளுக்கு ரேடியோ போட்டு வச்சிட்டு வந்தனான். அறிவித்தலை அவர் கேக்கிற நேரம் ஆராவது பக்கத்தில இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு மறுபடி உள்ளே போனார்.